பரம்பரைத் தசை நோய்களில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் நரம்பியல் மருத்துவருக்கு

கேள்வி இதுதான்: நரம்பியல் மேற்படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள ஒருவர் பரம்பரைத் தசை நோய்களைத் தன் ஆராய்ச்சித் துறையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறார். எங்கே தொடங்குவது? ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தே தீர வேண்டுமா? மரபணுச் சோதனை எளிதாகிவிட்ட இந்தக் காலத்தில் மருத்துவருக்கென்று என்ன வேலை மிச்சமிருக்கிறது? கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

மரபணுவின் எழுத்துகளை வாசிக்க இயந்திரம் போதும். ஆனால் அந்த எழுத்துகளில் பிறழ்வு உள்ளவருக்கு எந்தத் தசை முதலில் தளர்கிறது, எது கடைசிவரை தாங்குகிறது, எத்தனை வயதில் படியேற முடியாமல் போகிறது, ஒரே பிறழ்வு உள்ள அண்ணனும் தம்பியும் ஏன் வேறுவேறு வேகத்தில் தளர்கிறார்கள் என்பதையெல்லாம் இயந்திரம் சொல்லாது. நோயாளியை ஆண்டுதோறும் ஒரே முறையில் அளந்து குறித்துவைத்த ஒருவரால்தான் சொல்ல முடியும். இந்தத் துறையில் நிலைத்து நின்ற கண்டுபிடிப்புகள் பலவும் அப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்து வந்தவை. எனவே என் பதில் சுருக்கமாக: ஒன்று அல்லது இரண்டு நோய்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த நோயாளிகளையும் அவர்களுடைய தசைத் துண்டுகளையும் அளவீடுகளையும் ஒரே தொகுப்பாகக் கட்டி இருபது, முப்பது ஆண்டு காத்துவாருங்கள். எத்தனை நோய்களைத் தொட்டோம் என்பதைவிட ஒரு நோயை எவ்வளவு காலம் தொடர்ந்தோம் என்பதற்கே இங்கே மதிப்பு.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜி.என்.இ. மயோபதி. இந்த நோயில் இருபது, முப்பது வயதில் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் கால் தட்டத் தொடங்கும். பிறகு தொடையின் பின்பக்கத் தசைகளும் இடுப்புத் தசைகளும் கரையும். ஆனால் தொடையின் முன்பக்கத்தில் உள்ள குவாட்ரிசெப்ஸ் மட்டும் வியப்பூட்டும் அளவுக்கு வலுவாகவே இருக்கும். 1981-ல் ஜப்பானில் நொனாகாவின் குழு, உள்ளே விளிம்பு கட்டிய குழிகள் தெரியும் ஒரு தசை நோயை விவரித்தது. 1984-ல் இஸ்ரேலில் ஆர்கோவும் யாரோமும், ஈரானிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில் குவாட்ரிசெப்ஸை விட்டுவைக்கும் ஒரு நோயை எழுதினார்கள். இரண்டும் வேறுவேறு நோய்கள் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டன. 2001-ல் மித்ரானி-ரோசன்பாமின் குழு ஈரானியக் குடும்பங்களில் ஜி.என்.இ. மரபணுவைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிய நோயும் அதே மரபணுவில்தான் என்று தெளிவானது. 'இந்தத் தசை மட்டும் ஏன் தப்புகிறது?' என்று கேட்ட மருத்துவரின் கண்தான் குடும்பங்களை ஒன்று திரட்டியது. குடும்பங்கள் திரண்ட பிறகே மரபணுவைத் தேட முடிந்தது. முதல் விவரிப்பிலிருந்து மரபணு வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த மரபணு சயாலிக் அமிலம் தயாரிக்கும் நொதிக்கு உரியது. அப்படியானால் அந்த அமிலத்தையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வந்தது. 89 நோயாளிகளிடம் 48 வாரம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அது பலன் காட்டவில்லை என்று 2017-ல் தெரியவந்தது. மருந்து உண்மையிலேயே வேலை செய்யவில்லையா, மெல்ல நகரும் நோயில் 48 வாரம் போதவில்லையா என்பதை அந்த முடிவைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த இடத்தைப் பின்னால் மீண்டும் தொடுகிறேன். இன்று இத்துறையில் நுழைபவருக்கு முன்னால் நிற்கும் மிகப் பெரிய வேலை இதுவே.

முதலில் நோயாளியின் உடலைப் படிக்கக் கற்க வேண்டும். 'கை கால் பலவீனம்' என்று கோப்பில் எழுதுவது ஆராய்ச்சிக்கு உதவாது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்க முடியவில்லை, கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது, சி.கே. (தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) அளவு இயல்பைப் போலப் பல பத்து மடங்கு என்றால் டிஸ்ஃபெர்லின் என்ற தசைப் புரதத்தின் குறைபாட்டை நினைக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் வெளியே தள்ளுகிறது, முகம் ஒரு பக்கம் கூடுதலாகத் தளர்ந்திருக்கிறது, விசிலடிக்க வரவில்லை என்றால் எஃப்.எஸ்.எச்.டி. (முகம், தோள், மேற்கைத் தசைச்சிதைவு). பலவீனம் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே முழங்கையும் குதிகால் தசைநாணும் இறுகிவிட்டால் எமரின் அல்லது லேமின் மரபணு. இந்தக் கடைசி வகையில் தவறவே கூடாத ஒன்று உண்டு. லேமின் ஏ/சி பிறழ்வில் கைகால் பலவீனம் சொற்பமாக இருக்கும்போதே இதயத் துடிப்பு கோளாறாகித் திடீர் மரணம் நேரலாம். வெறும் பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் அந்த ஆபத்து நீங்காது என்பதால், தேவையானவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்கும் கருவியையே பரிசீலிக்கிறார்கள். ஆராய்ச்சிப் பதிவேட்டில் ஈ.சி.ஜி.யும் 24 மணி நேர ஹோல்டர் பதிவும் கட்டாயப் பத்திகளாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

குடும்பத்தாரையும் பரிசோதியுங்கள், சொல்வதை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். 'வீட்டில் வேறு யாருக்கும் இல்லை' என்ற பதில் பல நேரம் சரியாக இருப்பதில்லை. மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியில் தாத்தாவுக்கு வெறும் கண்புரை, தாய்க்குக் கையை இறுகப் பிடித்தால் விட முடியாத நிலை, பேரக்குழந்தைக்குப் பிறந்தவுடனே மூச்சுத் திணறல் என்று தலைமுறைக்குத் தலைமுறை நோய் கடுமையாகும். டி.எம்.பி.கே. மரபணுவில் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து இயல்பானவர்களிடம் 5 முதல் 35 தடவை வரை திரும்ப வரும். 50-ஐத் தாண்டினால் நோய், பிறவியிலேயே தாக்கும் வடிவத்தில் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். தாயின் கையைக் குலுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடிய இந்த விஷயம், குழந்தைக்குச் சோதனைமேல் சோதனை செய்தும் மாதக்கணக்கில் பிடிபடாமல் போவதுண்டு.

இன்னொரு வழக்கமான சறுக்கல், கல்லீரல். தசை சிதையும்போது சி.கே. மட்டுமல்ல, கல்லீரல் சோதனையில் பார்க்கும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள் இரண்டும் ஏறும். அதைப் பார்த்துவிட்டுக் கல்லீரல் நோய் என்று நினைத்துக் குழந்தையைக் கல்லீரல் பயாப்சி வரை கொண்டுபோவார்கள். தசை நோயில் ஏறாத ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பாக இருக்க ஏ.எல்.டி. ஏறியிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது சி.கே. சிறுவர்களைத் தாக்கும் கடுமையான தசைச்சிதைவான டுஷேன் நோயில் அது பெரும்பாலும் பத்தாயிரங்களில் இருக்கும்.

அடுத்து தசைத் துண்டு. மரபணுச் சோதனை வந்த பிறகு பயாப்சி தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அன்றாட நோயறிதலில் அது பாதி உண்மை. ஆராய்ச்சியில் அப்படியல்ல. புரதமும் ஆர்.என்.ஏ.வும் தசையில்தான் இருக்கின்றன. ஆகவே தொழிலின் தொடக்கத்திலேயே ஒரு நல்ல தசை நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஆறு மாதமாவது உட்கார்ந்து, சொந்தக் கையால் துண்டை உறையவைத்து, வெட்டி, சாயமேற்றிப் பழகுங்கள்.

எங்கே கெட்டுப்போகும் என்று சொல்கிறேன். முழுதும் கொழுப்பாகிவிட்ட தசையை எடுத்தால் எதுவும் தெரியாது. கொஞ்சமும் பாதிக்கப்படாததை எடுத்தாலும் தெரியாது. மிதமாகத் தளர்ந்த தசை, அதாவது வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் எம்.ஆர்.சி. அளவில் 4 உள்ளதுதான் உகந்தது. இ.எம்.ஜி. (தசையின் மின்செயலைப் பதியும் சோதனை) ஊசி குத்திய இடம் வாரக்கணக்கில் அழற்சியைக் காட்டும் என்பதால் ஒரு பக்கம் இ.எம்.ஜி., மறுபக்கம் பயாப்சி என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். மரப்பு மருந்தைத் தோலுக்கும் தோலடிக்கும் மட்டும் போட வேண்டும், தசைக்குள் போகக் கூடாது. எடுத்த துண்டை உப்புநீரில் போட்டு அனுப்புவதுதான் அறுவை அரங்குகளில் அடிக்கடி நடக்கும் கேடு. இழைகள் நீரை உறிஞ்சி, உறையும்போது பனிப்படிகமாகிச் சல்லடையாகிவிடும். பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, பனிக்கட்டியின் மேல் வைத்த டப்பாவில் உடனே அனுப்ப வேண்டும்.

உறையவைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தசையை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால் அதைச் சுற்றி ஆவிப்படலம் உருவாகும். அந்தப் படலம் குளிரைத் தடுத்துவிட, தசை மெதுவாக உறைந்து, உள்ளே படிகங்கள் வளர்ந்துவிடும். அதனால் ஒரு சிறு பீக்கரில் ஐசோபென்டேனை ஊற்றி, அந்தப் பீக்கரைத் திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். அடியிலும் ஓரத்திலும் ஐசோபென்டேன் வெண்மையாக உறையத் தொடங்கும்போது வெப்பநிலை சுமார் −160 டிகிரி. தக்கை வில்லையின் மேல் டிராககாந்த் பசையில், இழைகள் செங்குத்தாக நிற்கும்படி தசையை நிறுத்தி, அந்தத் திரவத்தில் முக்கிப் பத்து முதல் இருபது விநாடி அசைக்க வேண்டும். பிறகு 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் வெட்டுகள். எச்.இ., கொமோரி மூவண்ணம், என்.ஏ.டி.எச்., எஸ்.டி.எச்., காக்ஸ், பி.ஏ.எஸ்., ஏ.டி.பேஸ் (பி.எச். 9.4, 4.6, 4.3) ஆகியவை அடிப்படைச் சாயங்கள். படிகக் குழிகளை உண்மையான குழி நோய் என்று நம்பி, தசையில் கிளைகோஜன் தேங்கும் போம்ப்பே (Pompe) நோயைத் தேடிப் போவது எளிதில் நேரும் பிழை. அப்படிப்பட்ட துண்டை அறை வெப்பத்தில் இளக்கி மறுபடி சரியாக உறையவைத்தால் வடிவம் ஓரளவு மீளும், ஆனால் ஆர்.என்.ஏ. போய்விடும். எனவே புரதத்துக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் 50 முதல் 100 மில்லிகிராம் துண்டுகளைத் தொடக்கத்திலேயே தனியே பிரித்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட வேண்டும். மின்னணு நுண்ணோக்கிக்கு ஒரு கடுகளவு துண்டு குளுட்டரால்டிஹைடில். கூடவே 3 மில்லிமீட்டர் தோல் பயாப்சி எடுத்து அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்து வைத்தால், பத்தாண்டு கழித்து வரும் கேள்விக்கும் பயன்படும்.

ஆன்டிபாடி சாயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டுச் சாயம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள். டுஷேன் நோயில் இல்லாமல்போகும் புரதமான டிஸ்ட்ரோஃபினுக்குத் தண்டுப்பகுதி, சி-முனை, என்-முனை என மூன்று இடங்களுக்கும் ஆன்டிபாடி போட வேண்டும், பக்கத்திலேயே செல் உறையின் இன்னொரு புரதமான ஸ்பெக்ட்ரினுக்கும் போட வேண்டும். ஸ்பெக்ட்ரினும் இல்லையென்றால் செல்லின் உறையே கிழிந்திருக்கிறது என்று பொருள், டிஸ்ட்ரோஃபின் இல்லை என்று அல்ல. டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் தசைக்குள் அழற்சிச் செல்கள் நிறையத் தெரியும். அதைப் பாலிமயோசைடிஸ் (தசை அழற்சி நோய்) என்று முடிவுகட்டி ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள் பலர். டிஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டு கொடுத்துச் செய்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையில் அந்த நோயாளிகளுக்குப் பலனே கிடைக்கவில்லை, வலிமை குறையும் போக்குதான் தெரிந்தது. ஸ்டீராய்டுக்கு மசியாத 'பாலிமயோசைடிஸ்' இளைஞர் ஒருவரைக் கண்டால் பயாப்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இனி மரபணு. டுஷேன் நோயின் டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் 79 எக்ஸான்கள் (புரதத்துக்கான குறியீட்டைத் தாங்கும் துண்டுகள்). அது ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளமுள்ளது, மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. போஸ்டனில் லூயிஸ் குங்கலின் குழு 1986, 1987-ல் மரபணுவையும் புரதத்தையும் அடையாளம் கண்டது. மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு எக்ஸான்கள் அறுந்துபோயிருக்கும். அதனால் முதல் சோதனை, ஒவ்வோர் எக்ஸானும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. அதில் ஒரே ஒரு எக்ஸான் மட்டும் இல்லை என்று வந்தால் உடனே நம்பக் கூடாது. சோதனைத் துணுக்கு ஒட்டும் இடத்தில் சாதாரண எழுத்து வேறுபாடு ஒன்று இருந்தாலும் அப்படிக் காட்டும். வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும்.

எழுத்துகள் மும்மூன்றாக வாசிக்கப்படுவதால், அறுந்த நீளம் மூன்றால் வகுபடுகிறதா என்பதே நோயின் கடுமையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எக்ஸான் 50-ல் 109 எழுத்துகள். அது மட்டும் போனால் வாசிப்பு ஓர் எழுத்து தள்ளிப்போய்க் குலைந்து டுஷேன் ஆகும். எக்ஸான் 51-ல் 233 எழுத்துகள். இரண்டும் சேர்ந்தால் 342, மூன்றால் வகுபடும். ஆகவே 50 இல்லாதவருக்கு மருந்தால் 51-ஐயும் தாண்டவைத்தால் புரதம் குட்டையானாலும் வாசிப்பு நேராகும். இதுதான் எக்ஸான் தாண்டும் சிகிச்சையின் கணக்கு. நோயாளியின் அறிக்கையைக் கையில் வாங்கியதும் காகிதத்தில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. கணக்கும் நோயாளியும் ஒத்துப்போகாத சுமார் பத்தில் ஒருவர் இருப்பார். எக்ஸான் 3 முதல் 7 வரை இழந்தும் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடப்பவர் அதில் ஒருவகை. அவரைத்தான் மிகக் கவனமாகப் பின்தொடர வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிய கட்டுரைதான் ஒரு சிகிச்சைக்கே வழி திறந்தது. 1990-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கையில், டிஸ்ட்ரோஃபினின் குறியீட்டுப் பகுதியில் 46 சதவீதத்தை இழந்த ஒருவர் 61 வயதிலும் நடமாடிக்கொண்டிருந்தார். புரதத்தின் நடுப்பகுதி பெருமளவு இல்லாமலேயே தசை சமாளிக்க முடியும் என்று அவர் உடல் காட்டியது. மரபணுவைச் சுமந்துசெல்லும் ஏ.ஏ.வி. வைரஸுக்குள் சுமார் 4,700 எழுத்துகளுக்கு மேல் அடங்காது, டிஸ்ட்ரோஃபினின் குறியீடோ 11,000 எழுத்துகளுக்கு மேல். நடுவை வெட்டிச் சுருக்கிய மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் என்ற யோசனைக்கு அந்த மனிதரின் தசை அடித்தளம் ஆனது. அவரை ஒரு மருத்துவர் பரிசோதித்து, 'இவ்வளவு லேசாக இருக்கக் காரணம் என்ன?' என்று நின்று யோசிக்காமல் போயிருந்தால் அந்தத் தரவு கிடைத்திருக்காது.

எக்ஸோம் வரிசைப்படுத்தலை (எல்லா மரபணுக்களின் எக்ஸான்களையும் வாசிக்கும் சோதனை) அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. வழக்கமான முறையில் அது காணாத நோய்கள் இவை: மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியின் இரு வகைகளும், எஃப்.எஸ்.எச்.டி.யும். எஃப்.எஸ்.எச்.டி.யில் 4-ம் குரோமசோமின் நுனியில் உள்ள டி4இசட்4 என்ற 3.3 கிலோபேஸ் அலகுகள் 1 முதல் 10 வரையாகச் சுருங்கியிருக்கின்றனவா, அந்த நுனி நோய்க்கு இடங்கொடுக்கும் வகையா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கு டி.என்.ஏ. துண்டின் நீளத்தை அளக்கும் சதர்ன் பிளாட் அல்லது நீண்ட டி.என்.ஏ. துண்டுகளைப் படமெடுக்கும் முறை தேவை. 2010-ல் லெம்மர்ஸும் குழுவினரும் டக்ஸ்4 மரபணு தவறாக விழித்துக்கொள்வதே காரணம் என்று விளக்கும்வரை, அலகு எண்ணிக்கை குறைந்தும் நோயில்லாதவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது புதிராகவே இருந்தது.

எக்ஸோமில் வரும் 'பொருள் தெரியாத மாற்றம்' பெரிய பொறி. டைட்டின் என்ற பெரிய தசைப் புரதத்தின் மரபணுவில் 360-க்கும் மேற்பட்ட எக்ஸான்கள் இருப்பதால் ஏறக்குறைய எல்லோரிடமும் ஏதாவது ஓர் அரிய மாற்றம் அகப்படும். அதைக் காரணமாக அறிவித்துவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவது நின்றுபோகும். பெற்றோர், உடன்பிறந்தோரிடம் அது நோயோடு சேர்ந்து ஓடுகிறதா, புரதம் குறைந்திருக்கிறதா, எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு படியும் பாங்கு அந்த மரபணுவுக்குரியதா என்று மூன்று கோணத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். இங்கே உறையவைத்த தசைதான் கைகொடுக்கும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸோமிலும் மரபுத்தொகுதியிலும் விடை கிடைக்காத 50 பேரின் தசை ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்தியபோது 35 சதவீதத்தினருக்கு விடை கிடைத்தது. அவர்களில் சிலரிடம், கொலாஜன் 6 மரபணுவில் எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதியின் ஆழத்தில் இருந்த ஒரே எழுத்து மாற்றம், இல்லாத ஓர் எக்ஸானை உருவாக்கிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் இந்த மரபணுக்களில் பல போதிய அளவு இயங்குவதில்லை என்பதால் ரத்த ஆர்.என்.ஏ. இதற்கு உதவாது.

இப்போது அளவீடு. தொடக்கத்தில் சொன்ன பெரிய வேலை இதுதான். என் கருத்தில் நரம்பியல் மருத்துவரின் பங்களிப்பு மிகவும் குறைவாகவும் மிகவும் தேவையாகவும் இருக்கும் இடம் இது.

டுஷேன் நோயில் புதிய மருந்துகளின் சோதனைகள் பல, மருந்தைவிட அளவுகோலில் தடுக்கிவிழுந்தன. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்பதை வைத்து அட்டாலுரென் என்ற மருந்தின் சோதனையில் 230 சிறுவர்களைப் பார்த்தார்கள். மொத்தத்தில் வேறுபாடு இல்லை. 300 முதல் 400 மீட்டர் நடந்த சிறுவர்களிடம் மட்டும் தெரிந்தது. காரணம் எளிது: 400-க்கு மேல் நடப்பவன் மருந்தில்லாமலும் ஓராண்டு நிலையாக இருப்பான். 300-க்குக் கீழே இருப்பவன் திடீரென நடையையே இழக்கலாம். இந்த மூன்று வகையையும் கலந்தால் இரைச்சலே மிஞ்சும். அதேபோல் 4 முதல் 7 வயது வரையுள்ள 125 சிறுவர்களுக்கு மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் கொடுத்த எம்பார்க் சோதனையில் 52 வாரம் கழித்து நார்த் ஸ்டார் என்ற செயல்திறன் மதிப்பெண்ணில் மருந்து பெற்றவர்கள் 2.57, பெறாதவர்கள் 1.92 புள்ளி உயர்ந்தார்கள். முதன்மைக் குறிக்கோள் நிறைவேறவில்லை. பெறாதவர்களும் உயர்ந்ததைக் கவனியுங்கள். அந்த வயதில் வளர்ச்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்து, நோய் இருக்கும்போதே சிறுவனை மேலே கொண்டுபோகும். இந்த வளைவை முன்கூட்டியே வரைந்து தந்தவர்கள், எந்த மருந்தும் கையில் இல்லாத காலத்தில் பொறுமையாகச் சிறுவர்களை அளந்துகொண்டிருந்த மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும்தான்.

நார்த் ஸ்டார் என்பது 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, மொத்தம் 34. பார்க்க எளிது, செய்ய எளிதல்ல. தரையிலிருந்து எழும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றினால் 2 இல்லை, 1. ஒருவர் அதைக் கவனிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு பிசியோதெரபிஸ்ட்கள் அளந்தால், ஒரு புள்ளி வேறுபாடு நோயால் வந்ததா அளந்தவரால் வந்ததா என்று தெரியாமல் போகும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரே பிசியோதெரபிஸ்ட், ஒரே தாழ்வாரம், ஒரே நேரம், காலணி உண்டா இல்லையா என்ற ஒரே விதி. ஆண்டுக்கு ஒரு முறை காணொளியைப் பார்த்து இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டும். 'நடை நின்ற நாள்' என்பதற்கும் முன்பே வரையறை எழுதிவையுங்கள்: துணையின்றி 10 மீட்டர் நடக்க முடியாமல்போன மாதம். 'சக்கர நாற்காலிக்கு மாறினான்' என்று எழுதினால் அது நாற்காலி கிடைத்த தேதியாகவும் இருக்கலாம். கால் எலும்பு முறிந்து நடை நின்றிருந்தால் அதையும் தனியே குறியுங்கள்.

மெல்ல நகரும் நோய்களில் செயல்திறன் சோதனை ஓராண்டில் எதையும் காட்டாது. எஃப்.கே.ஆர்.பி. மரபணு நோயுள்ள பெரியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தபோது வலிமையிலும் நடையிலும் மாற்றம் பிடிபடவில்லை, கொழுப்பையும் நீரையும் பிரித்து அளக்கும் டிக்சன் முறை எம்.ஆர்.ஐ.யில் தசைக் கொழுப்பின் சதவீதம் ஏறியது தெரிந்தது. எனவே உங்கள் நோயாளர் தொகுதியில் எம்.ஆர்.ஐ.யை முதல் ஆண்டிலேயே சேர்த்துவிடுங்கள். அதே இயந்திரம், அதே வரிசை, முழங்காலிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் மேலே என்று அதே குறுக்குவெட்டு. இடம் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலே சதவீதம் மாறிவிடும்.

புரத அளவிலும் இதே கண்டிப்பு வேண்டும். எக்ஸான் 51-ஐத் தாண்டவைக்கும் எடிப்ளர்சென் 2016-ல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. நுண்ணோக்கியில் 'ஒளிரும் இழைகள்' என்று எண்ணியபோது பெரிதாகத் தெரிந்தது, புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் சராசரி இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. 'எத்தனை இழை ஒளிர்கிறது' என்பதும் 'எவ்வளவு புரதம் இருக்கிறது' என்பதும் வேறுவேறு கேள்விகள்.

எலிகளைப் பற்றி ஒரு சொல். டுஷேன் ஆராய்ச்சியில் பயன்படும் எம்.டி.எக்ஸ். எலிக்கு டிஸ்ட்ரோஃபின் இல்லை, எக்ஸான் 23-ல் வாசிப்பு நின்றுவிடுகிறது. ஆனாலும் அது ஓடியாடித் திரியும், ஆயுள் ஓரளவே குறையும். உதரவிதானம் மட்டும்தான் மனிதத் தசையை நெருங்கும் அளவுக்குக் கெடும். அந்த எலியைக் குணப்படுத்திய மருந்துகள் மனிதர்களிடம் தோற்றதில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில் பிஎச்.டி. கேள்விக்கு வருவோம். கட்டாயமில்லை. ஆனால் மூன்று ஆண்டு ஆய்வக வேலை செய்தவருக்கு, பிறர் தரும் வெஸ்டர்ன் பிளாட்டைப் பார்த்தவுடன் நம்பலாமா கூடாதா என்று தெரியும். அந்தத் தீர்ப்பு வாழ்நாள் முழுவதும் உதவும். நான் பரிந்துரைக்கும் வரிசை: நரம்பியல் முடிந்ததும் இ.எம்.ஜி., பயாப்சி இரண்டும் கற்பிக்கும் இடத்தில் ஓரிரு ஆண்டு ஃபெல்லோஷிப். அதன் பிறகு, மனம் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த நோயின் மரபணுவிலேயே வேலை செய்யும் ஆய்வகம் ஒன்றில் பிஎச்.டி. பிரபலமான ஆய்வகம் என்பதற்காக வேறு தலைப்பில் போய்ச் சேர வேண்டாம். திரும்பி வந்ததும் வாரத்தில் இரண்டு நாளாவது ஆராய்ச்சிக்கென்று எழுத்துப்பூர்வமாக ஒதுக்கிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த நேரத்தை வெளிநோயாளர் கூட்டம் முதல் மாதத்திலேயே விழுங்கிவிடும். முதல் பணியாளராக ஆய்வக விஞ்ஞானியைத் தேடாதீர்கள், நல்ல பிசியோதெரபிஸ்ட்டையும் பதிவேட்டைக் கவனிக்கும் ஒருவரையும் தேடுங்கள். மானியம் பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கும், நோயோ முப்பது ஆண்டு ஓடும். ஆகவே ஒவ்வொரு மானியத்திலும் ஒரு சிறு கேள்விக்கு விடை காண்பதாக எழுதி, அதே பணத்தில் நீண்ட பதிவேட்டையும் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கும்.

எந்த நோய் என்று கேட்டால், உங்கள் மருத்துவமனைக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருப்பது எதுவோ அது. ஒரே முன்னோரிடமிருந்து வந்த பிறழ்வு ஒரு பகுதியில் செறிந்திருந்தால் அது பெரிய வாய்ப்பு. இடுப்பு-தோள் தசைச்சிதைவின் ஒரு வகைக்குக் காரணமான கால்பெய்ன் 3 மரபணு 1995-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது ரீயூனியன் தீவின் குடும்பங்கள் முக்கியமான பங்கு வகித்தன. ஆனால் தனி மையம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அரிய நோயில் சோதனை நடத்தப் போதாது. 2007-ல் தொடங்கிய ட்ரீட்-என்.எம்.டி. என்ற பன்னாட்டுத் தசை-நரம்பு நோய் வலையமைப்பின் பதிவேட்டுக் கூறுகளையே நீங்களும் கையாளுங்கள். பிறழ்வை எச்.ஜி.வி.எஸ். என்ற பொதுக் குறியீட்டு முறையில், எந்தப் படியெடுப்பு வரிசையை ஒட்டி என்ற எண்ணோடு எழுதுங்கள். பெயரிலும் கவனம் தேவை: ஈ.என்.எம்.சி. என்ற ஐரோப்பிய நரம்புத்தசை மையத்தின் 229-வது பட்டறைக்குப் பிறகு இடுப்பு-தோள் தசைச்சிதைவு வகைகள் ஆர்1, ஆர்2, டி1 என்று மாறிவிட்டன. பழைய 2ஏ, 2பி பெயர்களையும் பத்தியில் வைத்திருந்தால்தான் இருபது ஆண்டு முந்தைய கோப்பைத் தேடி எடுக்க முடியும்.

புதிய மருந்து மட்டுமே ஆராய்ச்சி என்று எண்ண வேண்டாம். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு டுஷேன் சிறுவர்களின் வலிமையைக் கூட்டுகிறது என்று மெண்டலின் குழு 1989-ல் காட்டியது. தினமும் கொடுப்பதா, பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்துவதா என்று மருத்துவர்கள் அதன் பிறகு ஆளுக்கொரு முறையில் கொடுத்துவந்தார்கள். கிரிக்ஸும் புஷ்பியும் முன்னின்ற ஃபார்-டி.எம்.டி. சோதனையில் 196 சிறுவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தினசரி முறையே மேல் என்ற விடை 2022-ல்தான் வந்தது. பிரெட்னிசோன் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், டிஃப்லாசகார்ட் 0.9 மில்லிகிராம், இரண்டு தினசரி முறைகளுக்கும் இடையே வலிமையில் பெரிய வேறுபாடு இல்லை. காப்புரிமை முடிந்த மருந்தை வைத்து இப்படிப்பட்ட கேள்வியை எந்த நிறுவனமும் கேட்காது. மருத்துவர்கள்தான் கேட்க வேண்டும்.

குடும்பங்களிடம் பேசுவது தனிப் பயிற்சி. சோதனையில் சேர்க்க முடியாது என்று சொல்லும் நாள் அடிக்கடி வரும். எக்ஸான் 8 அல்லது 9 அறுந்த சிறுவனுக்கு இப்போதைய மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவன் உடல் இதுவரை கண்டிராத அந்தப் புரதப் பகுதியைத் தாக்கிக் கடுமையான தசை அழற்சி வரலாம். இதை எண்களோடு, வரைந்து காட்டி, எக்ஸான் பட்டியலில் அவனுடைய இடத்தைச் சுட்டிக்காட்டிச் சொன்னால் பெற்றோர் புரிந்துகொள்வார்கள். 'விதிமுறைப்படி முடியாது' என்று மட்டும் சொன்னால் அவர்கள் வேறெங்கோ மறைத்துச் சேர முயல்வார்கள். தாய் மரபணுவைச் சுமப்பவரா என்ற சோதனையோடு அவருடைய இதயத்தையும் பாருங்கள், சுமப்பவர்களுக்கும் இதயத்தசை நோய் வரும். அறிகுறியில்லாத தங்கைக்குச் சுமப்பவரா என்று சோதிப்பதை அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கும்வரை ஒத்திவைப்பதே பொதுவான நெறி.

ஒப்புதல் படிவத்தை எழுதும்போதே பின்னாளை எண்ணுங்கள். திசுவைச் சேமிக்கலாமா, வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா, முழு மரபுத்தொகுதியைப் படிக்கலாமா, எதிர்பாராமல் தெரியவரும் வேறு நோயைச் சொல்ல வேண்டுமா, நோயாளி இறந்த பிறகும் பயன்படுத்தலாமா என்று ஐந்து கேள்விகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள். ஐந்து வயதில் பெற்றோர் கையெழுத்திட்ட சிறுவன் சட்டப்படி வயதுவந்ததும் அவனிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தத் தேதி பதிவேட்டில் தானாக எச்சரிக்கும்படி அமைத்துவிடுங்கள். −80 டிகிரி ஃப்ரீசர் என்றாவது பழுதாகும் என்பதால் ஒவ்வொரு நோயாளியின் துண்டும் இரண்டு ஃப்ரீசரில், இரண்டு வேறு மின்இணைப்பில் இருக்கட்டும். எந்தப் பெட்டியில் எந்த அடுக்கில் எது என்ற பட்டியல் உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் சேவையகத்திலும், உங்களுக்குப் பின் அந்தத் தொகுதியை எடுத்து நடத்தப்போகும் இளைய மருத்துவரிடமும் இருக்க வேண்டும். நீங்கள் ஓய்வுபெறுவதற்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே அவர் உங்களோடு அமர்ந்து அதே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.